கேள்வித்தாளில் வரும் சாதாரண ஆங்கிலம்: தமிழாக்கத்தில் நான் பார்த்தவை

மருத்துவ மொழிபெயர்ப்பு செய்கிறேன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "அந்த மெடிக்கல் வார்த்தைக்கெல்லாம் தமிழுக்கு எங்கே போவீங்க?" என்பதுதான். அது பெரிய சிரமமே இல்லை. ஹைப்பர்டென்ஷனுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, ரத்தக்கொதிப்பு இருக்கிறது, இரண்டும் வேண்டாம் என்றால் 'பிபி' என்று எழுதினால் எழுபது வயதுப் பாட்டிக்கும் புரியும். என்னை நாள் கணக்கில் உட்கார வைப்பவை வேறு: டவுன், ப்ளூ, எட்ஜ், செவரல், கோப். ஆங்கிலம் பேசுகிற ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சின்னச் சின்னச் சொற்கள்.

நான் பெரும்பாலும் செய்வது மனநலம், வாழ்க்கைத்தரம் பற்றிய கேள்வித்தாள்கள். ஆஸ்பத்திரியிலோ ஓர் ஆய்விலோ ஒருவரிடம் தாளைக் கொடுத்து, கடந்த இரண்டு வாரத்தில் இப்படியெல்லாம் இருந்ததா என்று கேட்டு, பதிலுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பார்களே, அது. ஒரு கதையைத் தமிழாக்கும்போது ஒரு வரி கொஞ்சம் நழுவினால் அடுத்த வரி தாங்கிக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு வரியும் தனியாக நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இருக்கிறது, அந்தக் கூட்டலை வைத்துத்தான் ஒரு பெண்ணை மனநல மருத்துவரிடம் அனுப்புவதா, "எல்லாம் சரியாகிடும்மா" என்று வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாகிறது. அதனால் இதில் எனக்கு அலட்சியமே வராது.

எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று. பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவரும் உருவாக்கி 1987இல் வெளியிட்டது. பத்தே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. உலகம் முழுக்கப் பயன்படுகிறது, தமிழிலும் உண்டு. ஸ்காட்லாந்துப் பெண்கள் பேசுகிற பேச்சில் எழுதப்பட்டதுதான் அதன் பலம். டாக்டர் மொழி இல்லாமல், அடுத்த வீட்டுக்காரி கேட்கிற மாதிரி இருக்கும். அந்தப் பேச்சு மொழியை அப்படியே தமிழில் இறக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அதில் ஒரு வரி, 'திங்ஸ் ஹேவ் பீன் கெட்டிங் ஆன் டாப் ஆஃப் மீ'. இதைச் சரிபார்க்கச் சொல்லி ஒருமுறை என்னிடம் வந்த வரைவில் "விஷயங்கள் என் மேல் ஏறிக்கொண்டிருக்கின்றன" என்று இருந்தது. அதை ஒரு இளம் தாயிடம் வாசித்தபோது, "பூச்சி, பல்லி மாதிரி ஏதாச்சும் ஏறுதான்னு கேக்குறீங்களாக்கா?" என்று கேட்டார். மிகவும் நியாயமான கேள்வி. அந்தத் தமிழுக்கு வேறு பொருள் கிடையாது.

சரி, தமிழில் பொருத்தமான ஒரு வழக்கைப் போடலாமே என்று தோன்றும். 'தலைக்கு மேல' என்று நம்மிடம் இருக்கிறதே! ஆனால் "தலைக்கு மேல வேலை" என்பவர் நொந்துபோனவராக இருக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் ஓடியாடுகிற சித்தப்பா அதைச் சந்தோஷமாகவே சொல்வார். பச்சைக் குழந்தை வைத்திருக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தலைக்கு மேல் வேலை என்றுதான் சொல்வாள், எல்லோரும் மூன்று மதிப்பெண் வாங்குவார்கள், கேள்வி ஒன்றுக்கும் உதவாது. 'தலைக்கு மேல் வெள்ளம்' போட்டால் பழமொழி ஆகிவிடுகிறது, அதுவும் எல்லாம் கைமீறிப்போன நிலை. கேள்வி அவ்வளவு தூரம் போகவில்லை.

விடை அந்தத் தாளிலேயே இருந்தது. கேள்விக்குக் கீழே இருக்கிற நான்கு பதில்களைப் படித்தால் எல்லாவற்றிலும் 'கோப்' என்ற சொல்தான் வருகிறது: பெரும்பாலும் சமாளிக்கவே முடியவில்லை, சில சமயம் வழக்கம்போலச் சமாளிக்க முடியவில்லை, பெரும்பாலும் சமாளித்துவிட்டேன், எப்போதும் போலவே சமாளிக்கிறேன். ஆக, அவர்கள் கேட்பது சமாளிப்பைப் பற்றி. "எதையும் சமாளிக்க முடியாமல் திணறுகிற மாதிரி இருந்தது" என்று எழுதினால் வேலை முடிந்தது. அன்றிலிருந்து எந்தக் கேள்வித்தாள் வந்தாலும் பதில்களைத்தான் முதலில் படிக்கிறேன், அப்புறம்தான் கேள்வி. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கும் இதையே சொல்கிறேன், ஒரு மரபுத்தொடரின் பொருளை அகராதியில் தேடுவதற்கு முன்னால் அதற்கு என்ன பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்று பாருங்கள்.

அதே தாளில் 'ஃபார் நோ குட் ரீசன்' என்று வரும், காரணமில்லாமல் கவலைப்பட்டீர்களா என்று கேட்கிற இடத்தில். "நல்ல காரணம் இல்லாமல்" என்று எழுதினால், கெட்ட காரணம் இருந்ததா என்று கேட்கத் தோன்றும். "காரணமே இல்லாமல்" என்றால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "புள்ளைக்குப் பால் பத்தலை, கவலை இருக்காதா?" என்பார்கள், காரணம் எப்போதும் ஒன்று இருக்கும். "பெரிய காரணம் எதுவும் இல்லாமலே" என்று வைத்தால் நின்று யோசித்துப் பதில் சொல்கிறார்கள்.

இனி எனக்கு மிகவும் சவாலாக இருந்த வரி. பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளில், ஒன்பது கேள்விகளில் ஆறாவது. தன்னைப் பற்றியே தாழ்வாக நினைப்பது, தோற்றுவிட்டேன் என்று நினைப்பது, அல்லது குடும்பத்தை 'லெட் டவுன்' செய்துவிட்டேன் என்று நினைப்பது. இந்த லெட் டவுனுக்கு நம்மவர்கள் முதலில் எழுதுவது "குடும்பத்தை ஏமாற்றிவிட்டேன்". ஏமாற்றுவது என்றால் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவது. மனச்சோர்வில் இருப்பவர் அப்படி எதுவும் செய்யவில்லை, அதனால் "சேச்சே, இல்லைங்க" என்று சுழியம் போட்டுவிடுவார். அடுத்தது "குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிட்டேன்". இது மானம் போகிற விஷயம். நம் ஊரில் ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டால் அவள் வேறு எதையோ நினைத்து முகம் மாறிவிடுவாள், பக்கத்தில் இருக்கிற மாமியாரும் நிமிர்ந்து பார்ப்பார். உண்மையில் கேள்வி பேசுவது ஒரு அப்பா ராத்திரி படுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு நான் ஒன்றும் செய்யவில்லையே என்று நினைப்பாரே, அந்த நினைப்பை. "குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் போய்விட்டேனே என்று நினைப்பது" என்று எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு சொல், தமிழில் ஒரு வரி. நீளத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பெட்டிக்குள் அடங்கவில்லை என்றால் எழுத்தின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள், பொருளைக் குறைக்காதீர்கள்.

அந்தத் தாளின் பதில் வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. நாட் அட் ஆல், செவரல் டேஸ், மோர் தேன் ஹாஃப் த டேஸ், நியர்லி எவ்ரி டே. இதில் செவரல் என்பதை அகராதி 'பல' என்கிறது. ஆனால் "பல நாட்கள்" என்பது தமிழ்க் காதுக்குப் பாதிக்கு மேலே கேட்கிறது. பதினான்கு நாளில் பல நாள் என்றால் எட்டு, ஒன்பது என்று கை காட்டுகிறார்கள். அடுத்த பதிலே 'பாதி நாட்களுக்கு மேல்' என்று இருப்பதால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் முழிக்கிறார்கள். "சில நாட்கள்" என்று போட்டால் வரிசை தானாகவே ஒழுங்காகிறது. இந்த மாதிரி அளவுச் சொற்களைத் தனித்தனியாக மொழிபெயர்க்கவே கூடாது. நான்கையும் துண்டுச் சீட்டில் எழுதி, கலைத்துப் போட்டு, அந்த ஆய்வோடு சம்பந்தமில்லாத சிலரிடம் குறைவிலிருந்து அதிகத்துக்கு அடுக்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி அடுக்கினால் விடலாம்.

பக்கத்துக் கேள்வியைப் பார்க்காமல் ஒரு கேள்வியை முடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதற்றத்தை அளக்கிற ஜிஏடி-7இல் முதல் கேள்வியில் 'ஆன் எட்ஜ்' என்று வருகிறது. "இருப்புக் கொள்ளாமல்" என்று எழுதத் தோன்றும், அழகான தமிழ், கை தானாக எழுதிவிடும். ஆனால் அதே தாளில் ஐந்தாவது கேள்வி, ஓரிடத்தில் உட்கார முடியாத அளவு தவிப்பா என்று கேட்கிறது. இருப்புக் கொள்ளாமை அங்கேதான் போக வேண்டும். முதலிலேயே செலவழித்துவிட்டால் ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை மதிப்பெண் போட்ட மாதிரி ஆகும். முதல் கேள்விக்குப் "படபடப்பாகவும் பதற்றமாகவும்" போதும். அந்தக் கேள்வியிலேயே 'நெர்வஸ்' வேறு இருக்கிறது. அதற்கு நரம்பைக் கொண்டுவந்து "நரம்புத் தளர்ச்சி" என்று யாராவது எழுதினால் உடனே அடித்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிற லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸைப் படித்து வளர்ந்த எந்த ஆணும் அந்தச் சொல்லுக்கு ஆமாம் என்று டிக் போட மாட்டார்.

'ப்ளூ' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1992இல் வந்த எஸ்எஃப்-36 என்ற வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளில் 'டவுன்ஹார்ட்டட் அண்ட் ப்ளூ', 'டவுன் இன் த டம்ப்ஸ்', 'ஃபுல் ஆஃப் பெப்' எல்லாம் உண்டு. முதல் இரண்டும் சோகத்தைச் சொல்பவை, மூன்றாவது துடிப்பாக இருப்பதை. பெப் என்ற சொல் பின்னால் வந்த பதிப்பில் 'ஃபுல் ஆஃப் லைஃப்' என்று மாறிவிட்டது. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே எளிதாக்க வேண்டியிருந்த தொடரை நாம் சொல்லுக்குச் சொல் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. சோகத்துக்குத் தமிழில் பஞ்சமா? மனசு சரியில்லை, மனசு பாரமா இருக்கு, ஒண்ணும் பிடிக்கலை, வெறுத்துப்போச்சு, நெஞ்சை அடைக்குது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சோகம். ஆனால் நெஞ்சை அடைக்குது என்பதை மட்டும் தாளில் எழுதாதீர்கள், நாற்பது வயதைத் தாண்டியவர் அதைப் படித்தால் ஹார்ட் அட்டாக்கைப் பற்றித்தான் நினைப்பார், அப்படியே பதிலும் சொல்வார். உடம்பை வைத்துப் பேசுகிற வழக்குகள் பேச்சில் சரி, ஆஸ்பத்திரித் தாளில் உடம்பு நோயாகவே படிக்கப்படும். 'மன அழுத்தம்' என்ற சொல்லையும் நான் தவிர்க்கிறேன். நாளிதழ்களில் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதுதான், டிப்ரஷனுக்கும் அதுதான். ஆபீஸ் டென்ஷனும் மாதக்கணக்கான மனச்சோர்வும் ஒரே சொல்லில் வந்தால் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதே எஸ்எஃப்-36இல் நடுத்தர வேலைகளுக்கு உதாரணம் கொடுத்திருப்பார்கள்: மேசையை நகர்த்துவது, வேக்குவம் கிளீனர் தள்ளுவது, பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்துகிற பௌலிங், கோல்ஃப். நம் ஊரில் இதற்குச் சமமாக வீடு கூட்டித் துடைப்பது, பக்கெட் தண்ணீர் தூக்குவது, துணி துவைத்துக் காயப்போடுவது எல்லாம் சொல்லலாம். 'செவரல் ப்ளாக்ஸ்', அதாவது சில தெருக்கள் தூரம், நடப்பதற்கு "இரண்டு பஸ் ஸ்டாப் தூரம்" என்று நகரத்தில் சொன்னால் சட்டென்று புரிகிறது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்த மாதிரித் தாள்கள் பலவற்றுக்குக் காப்புரிமை உண்டு, உதாரணத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். பிஎச்க்யூ-9 போன்ற சிலவற்றுக்கு அனுமதி தேவையில்லை. ஏற்கெனவே சோதித்துப் பார்த்த தமிழ்ப் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இருந்தால் அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்வது எல்லோருக்கும் கெடுதல், பழைய எண்களோடு ஒப்பிட முடியாமல் போய்விடும்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வு நிறுவனங்கள் எல்லாம் நம்பிக்கொண்டிருக்கிற ஒரு முறை, திருப்பி மொழிபெயர்ப்பது. நான் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்குவார், இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலாகிவிட்டது. முறை நல்லதுதான், ஆனால் மரபுத்தொடர் வருகிற இடத்தில் இது நம்மை நன்றாக ஏமாற்றும். "விஷயங்கள் என் மேல் ஏறிக்கொண்டிருக்கின்றன" என்பதை ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். தமிழுக்குள் ஒளிந்திருக்கிற ஆங்கிலம் அவருக்கு உடனே தெரிந்துவிடும், மூலத்தில் இருந்த அதே தொடரைத் திருப்பி எழுதுவார். ஒப்பிட்டுப் பார்ப்பவர் சபாஷ் என்பார். "சமாளிக்க முடியாமல் திணறுகிற மாதிரி இருந்தது" என்பது வேறு ஆங்கிலமாகத் திரும்பும், சிவப்புக் கோடு விழும், விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். யாருக்கும் புரியாத தமிழ் தேர்ச்சி பெறும், புரிகிற தமிழ் விசாரணைக்கு நிற்கும்! எனக்கு இதில் இன்றைக்கும் கோபம் உண்டு.

அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறேன். ஆங்கில வரி, அது உண்மையில் கேட்பது என்ன, நான் வேண்டாம் என்று விட்ட தமிழ் எது, ஏன் விட்டேன், கடைசியில் வைத்தது எது. சிவப்புக் கோடு வரும்போது சண்டை போட வேண்டியதில்லை, அந்தக் குறிப்பை அனுப்பினால் போதும், பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். திருப்பி மொழிபெயர்க்கிறவர் மனநலத் துறைக்காரராக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது, அவருக்கு அந்த ஆங்கிலத் தாள் மனப்பாடமாக இருக்காது.

உண்மையான சோதனை தாளை நிரப்பப் போகிறவர்களோடு உட்காருவதில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மொழிபெயர்ப்பு வழிமுறையிலேயே அது ஒரு கட்டமாக இருக்கிறது, ஆனால் நேரமும் பணமும் குறையும்போது முதலில் வெட்டுவது அதைத்தான். பெரிதாக ஒன்றும் வேண்டாம். கேள்வியை வாசித்துவிட்டு, "இதை உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். புரிந்ததா என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், படித்தவர் கேட்கிறாரே என்ற மரியாதைக்காக. திருப்பிச் சொல்லும்போது அவர்கள் வாயிலிருந்து வருகிற சொல் பல சமயம் நான் எழுதியதைவிட நன்றாக இருக்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்வேன். 'லுக்ட் ஃபார்வர்ட்' என்பதை "ஆவலுடன் எதிர்நோக்கினேன்" என்று நான் எழுதி வைத்திருந்தபோது, ஒரு அக்கா, "ஏதாச்சும் எப்ப வரும் எப்ப வரும்னு ஆசையா இருந்துச்சான்னுதானே கேக்குறீங்க?" என்றார். அதுவேதான்.

இன்னொன்று, இந்தத் தாளைப் பாதிப் பேர் படிக்கப் போவதில்லை, சிஸ்டர்தான் வாசித்துக் காட்டுவார். செய்யுள் மாதிரி இருக்கிற தமிழை அவர் வாசிக்க மாட்டார், கூட்டம் நிற்கிற அவசரத்தில் தனக்குத் தோன்றியபடி மாற்றிச் சொல்வார். ஒரு சிஸ்டர் "சந்தோஷமா இருக்கீங்களா" என்பார், இன்னொருவர் "கஷ்டம் ஏதும் இல்லையே" என்பார், ஒரே கேள்வி இரண்டாகிவிடும். ஆகவே வாய்விட்டுப் படிக்கும்போது தடங்கல் இல்லாத வாக்கியமாக எழுத வேண்டும். எதிர்மறைக் கேள்வியை முடிந்த மட்டும் தவிருங்கள். "எதிலும் ஆர்வம் இல்லையா?" என்றால் ஒருவர் "இல்லை" என்பார். ஆர்வம் இல்லையா, அந்தப் பிரச்சினை இல்லையா? "எதிலும் ஆர்வம் குறைந்த மாதிரி எத்தனை நாள் இருந்தது?" என்று நாளைக் கேட்டால் குழப்பம் போய்விடும்.

சாவைப் பற்றிய கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை. பிஎச்க்யூ-9இலும் எடின்பரோ தாளிலும் அதுதான் கடைசிக் கேள்வி. அதை மென்மையாக்கச் சொல்லி எப்போதும் யாராவது கேட்பார்கள், "வாழ்க்கையில் பிடிப்பு இல்லாத எண்ணம்" என்று போடலாமே என்பார்கள். போடக்கூடாது. அலுத்துப்போன எல்லோரும் அதற்கு ஆமாம் என்பார்கள், நிஜமாகவே ஆபத்தில் இருப்பவர் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோவார். செத்துப்போனால் நல்லது என்று தோன்றியதா, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாது, ஆமாம் என்ற பதில் வந்தால் அன்றைக்கே ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் வேலை இல்லை என்றாலும் இந்த இரண்டையும் குறிப்பில் எழுதித்தான் அனுப்புகிறேன்.

வெளிநாட்டில் இருக்கிற ஈழத் தமிழர்களுக்கான தாள் வந்தால் என் தமிழ் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 'கவலை' என்றால் பெரும்பாலும் இனி என்ன ஆகுமோ என்ற நினைப்பு. அங்கே "கவலையாக் கிடக்கு" என்றால் துக்கம். 'யோசிக்கிறது' அங்கே மனசைப் போட்டு உழப்புவது, "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றால் கவலைப்படாதீர்கள் என்று பொருள். சோகத்தைக் கேட்கிற கேள்வியும் பதற்றத்தைக் கேட்கிற கேள்வியும் இடம் மாறிவிடக்கூடிய அளவுக்கு இது பெரிய வித்தியாசம். அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட இருந்தால்தான் எடுத்துக்கொள்வேன். இந்த அதிக யோசனையை நோயின் பெயராகவே வைத்திருக்கிற ஊரும் உண்டு. ஜிம்பாப்வேயில் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய நட்பு பெஞ்சு திட்டத்தில் பாட்டிமார்கள் மரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து ஆலோசனை சொல்கிறார்கள், அவர்கள் கையில் இருப்பது ஷோனா மக்களின் சொற்களிலிருந்தே எழுந்த பதினான்கு கேள்விகள். உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தர அளவுகோலை உருவாக்கிய பதினைந்து மையங்களில் அன்றைய மெட்ராஸும் ஒன்று, அங்கேயும் ஒரே ஆங்கிலத் தாளை எல்லோருக்கும் பெயர்த்துக் கொடுக்காமல், ஒவ்வொரு ஊரிலும் மக்களிடம் பேசிக் கேள்விகளைச் சேர்த்தார்கள். செலவு அதிகம், ஆனாலும் அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

அந்த வசதி இல்லாத வேலைகள்தான் எங்களுக்கு வருகின்றன. அதனால் ஒத்துக்கொள்வதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒவ்வொரு கேள்வியும் எதை அளக்கிறது என்ற விளக்கத் தாள் இருக்கிறதா, இதை நிரப்பப் போவது எந்த ஊர், என்ன வயது, தாமே படிப்பார்களா வாசித்துக் காட்டுவார்களா, அவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கான நாளும் கூலியும் கணக்கில் சேர்ந்திருக்கிறதா. மூன்றாவதற்கு இல்லை என்ற பதில் வந்தால் தனியாக ஒரு தொகை எழுதி அனுப்புகிறேன். சிலர் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், சிலர் தருகிறார்கள்.